ஒரே நகைக்கு எப்படி ரெண்டு மாத்து?

போன வருடம் அம்மாவின் பழைய சங்கிலியை மாற்றிப் புதிதாக எடுக்கலாம் என்று கடைவீதிக்குப் போயிருந்தோம். முதல் கடையில் அதை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். அரை நிமிடத்தில் திரையில் தங்கம் 91.4 சதவீதம் என்று வந்தது. விலை ஒத்துவரவில்லை, பக்கத்துக் கடைக்குப் போனோம். அங்கேயும் அதே மாதிரிப் பெட்டிதான். ஆனால் சங்கிலியின் கொக்கி இருக்கும் பக்கத்தை வைத்துப் பார்த்தார்கள். 88 சொச்சம் வந்தது. மூன்றாவது கடையில், "உருக்கிப் பார்த்தாத்தான் சரியாச் சொல்ல முடியும்மா" என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டார்: "ஒரே நகைக்கு எப்படிப்பா ரெண்டு மாத்து இருக்கும்?"

மாத்து, அதாவது மாற்று என்பது தங்கத்தின் தரம். மூன்று கடைக்காரர்களும் நேர்மையாகவே இருந்திருக்கலாம். கருவி காட்டும் எண், அது பார்த்த இடத்தையும் பார்த்த ஆழத்தையும் மட்டும் பற்றியது. நாம்தான் அதை முழு நகைக்கும் உரியதாக எடுத்துக்கொள்கிறோம். தங்கம் என்றில்லை. பம்புக்கு ஊற்றும் வார்ப்பிரும்பு, சமையலறை எவர்சில்வர், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் குழாய், கோயில் செப்புத் திருமேனி என்று எந்த உலோகக் கலவைக்கும் இதே கதைதான். கோவையில் ஒரு வார்ப்பட ஆலையின் ஆய்வகத்தில் பல வருடம் இருந்தவன் நான். "எவ்வளவு வந்தது" என்று கேட்பவர்களைத்தான் தினமும் பார்த்தேன். "எதை வைத்து, எந்த இடத்தில் பார்த்தீர்கள்" என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

நகைக்கடைப் பெட்டியிலிருந்தே தொடங்கலாம். அதன் பெயர் எக்ஸ்ஆர்எஃப். கேரட் மீட்டர் என்றும் சொல்வார்கள். உள்ளே ஒரு சிறு எக்ஸ்ரே குழாய் இருக்கிறது. அதன் கதிர் நகையில் படும்போது, அணுவின் உள்வட்டத்தில் இருக்கும் ஓர் எலக்ட்ரான் வெளியே தள்ளப்படுகிறது. காலியான அந்த இடத்துக்கு வெளிவட்டத்திலிருந்து இன்னொரு எலக்ட்ரான் இறங்கி வருகிறது. இறங்கும்போது மிச்சமாகும் ஆற்றல் புதிய எக்ஸ்ரேயாக வெளிவருகிறது. இந்த ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் மாறும். தங்கத்துக்கு ஒன்று, செம்புக்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று. எந்த ஆற்றலில் எத்தனை கதிர் வந்தது என்று எண்ணிக் கணக்குப் போட்டால் எந்த உலோகம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்த ஒழுங்கைக் கண்டு சொன்னவர் ஹென்றி மோஸ்லி என்ற இங்கிலாந்து இளைஞர். அது 1913. இரண்டே வருடத்தில், 27 வயதில், முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்போலியில் சுடப்பட்டு இறந்துபோனார். கடைவீதியில் அந்தப் பெட்டி மூடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

சரி, பெட்டி எவ்வளவு ஆழம் பார்க்கிறது? தங்கம் கனமான உலோகம். உள்ளே பிறக்கும் எக்ஸ்ரேயை அதுவே விழுங்கிவிடும். அதனால் மேலே உள்ள ஏறக்குறைய பத்து மைக்ரான் தடிமனிலிருந்து வருவதுதான் கருவிக்குத் தெரியும். ஒரு தலைமுடியின் தடிமனே அதைப்போலப் பல மடங்கு. வெள்ளியின் மேல் கனமாகத் தங்க முலாம் பூசியிருந்தால் பெட்டி நல்ல தங்கம் என்றே சொல்லும். அதன் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான்.

முலாம் இல்லாத நல்ல நகையிலும் மேல்தோல் வேறாக இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. 22 கேரட் நகையில் தங்கம் போக மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். நகை செய்யும்போது பலமுறை நெருப்பில் காட்டுகிறார்கள். மேற்பரப்பில் உள்ள செம்பு கறுத்துப்போகிறது. அந்தக் கறுப்பை எடுக்க அமிலத்தில் போடுகிறார்கள். கறுப்போடு சேர்ந்து மேல்தோலின் செம்பும் கரைந்து போய்விடுகிறது. மிஞ்சும் தோலில் தங்கத்தின் பங்கு உள்ளே இருப்பதைவிடச் சற்று கூடுதல். நகை பளபளவென்று மஞ்சளாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இதில் யாரும் ஏமாற்றவில்லை, வேலையின் இயல்பு அது. ஆனால் பெட்டி காட்டும் எண் அந்த அளவுக்கு ஏறித்தான் வரும்.

அம்மாவின் கொக்கிப் பக்கம் இறங்கி வந்ததற்குக் காரணம் பற்று. சங்கிலியின் கண்ணிகளை ஒட்ட வேண்டுமானால், நகை உருகும் சூட்டுக்கு முன்பே உருகும் கலவை ஒன்று வேண்டும். அதுதான் பற்று. பழைய காலத்தில் தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்த்து அதைச் செய்தார்கள். பொடி வைத்து ஊதுவது என்பது இந்த வேலைதான். உள்ளர்த்தம் வைத்துப் பேசுகிறவரை இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். நகை எவ்வளவு நல்ல தங்கமாக இருந்தாலும் ஒட்டிய இடத்தில் மாற்று குறைவு. மெல்லிய கண்ணிகள் நிறைய இருக்கும் பழைய சங்கிலியை முழுதாக உருக்கினால் எல்லாப் பற்றும் கலந்து மொத்த எண் கீழே வரும். பின்னாளில் கேட்மியம் கலந்த பற்று வந்தது. கேடிஎம் நகை என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். கேட்மியம் சுமார் 767 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும் என்பதால், ஒட்டும்போது பெரும்பகுதி பறந்துபோய், மாற்று அவ்வளவாகக் குறையாமல் தப்பித்தது. ஆனால் பறந்த அந்த நச்சுப்புகையை மூச்சில் வாங்கியவர் பட்டறையில் ஊதிக்கொண்டிருந்த ஆசாரி. நகையின் எண் அழகாக வருவதற்காக ஒருவரின் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டன. கேடிஎம் கைவிடப்பட்டது மிக நியாயமான காரியம்.

எக்ஸ்ரேக்கு முன்னால் நம் ஊரில் இதற்கு உரைகல் இருந்தது. கட்டளைக்கல் என்றும் பெயர். கறுப்பான, வழவழப்பான, அமிலத்துக்கு அசையாத கல். நகையை அதில் இழைத்தால் மஞ்சள் கோடு விழும். பக்கத்திலேயே மாற்று தெரிந்த ஊசி ஒன்றை இழைப்பார்கள். அதற்குப் பெயர் உரையாணி. ஒவ்வொரு மாற்றுக்கும் ஓர் ஆணி உண்டு. இரண்டு கோட்டின் நிறத்தையும், அமிலத் துளி வைத்தபின் எது முதலில் மங்குகிறது என்பதையும் பார்த்து, இந்த நகை இந்த ஆணிக்குச் சமம் என்று முடிவு செய்வார்கள். ஆணிப்பொன் என்று உயர்ந்த தங்கத்தைச் சொல்வது இந்த ஆணியை வைத்துத்தான். பத்தரை மாற்றுத் தங்கம் என்ற பேச்சும் இந்தக் கல்லின் மேல் பிறந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசன் கொடுத்த பொன்னை ஆடவல்லான் என்ற கல்லால் நிறுத்ததாக வருகிறது. தரத்தைச் சொல்லும் இடத்தில் தண்டவாணி என்ற ஆணியோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். எடைக்கு ஒரு கல், தரத்துக்கு ஓர் ஆணி. ஆயிரம் வருடத்துக்கு முன்பே இரண்டையும் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏனென்றால் இன்றைய எந்தக் கருவியும் ஆணி இல்லாமல் வேலை செய்யாது. பல லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய கருவியும் கதிரை எண்ணுமே தவிர, தானாகச் சதவீதம் சொல்லத் தெரியாதது. கலவை உறுதியாகத் தெரிந்த உலோகத் துண்டுகளை முதலில் காட்டி, 'இவ்வளவு கதிர் வந்தால் இவ்வளவு தங்கம்' என்று அதற்குப் பழக்க வேண்டும். சான்றளிக்கப்பட்ட அந்தத் துண்டுகள்தான் இன்றைய ஆணிகள். அவற்றைத் தொலைத்துவிட்டாலோ, மாதக்கணக்கில் காட்டாமல் விட்டாலோ, கருவி மெல்ல மெல்ல விலகிப்போகும். திரையில் மட்டும் இரண்டு தசமத்தோடு எண் வந்துகொண்டே இருக்கும்.

தங்கத்துக்கு இறுதித் தீர்ப்பு சொல்வது இன்றும் நெருப்புதான். புடம் போட்டுப் பார்ப்பது என்ற பழைய வழியைத்தான் ஆய்வகங்கள் மிக நுட்பமாகச் செய்கின்றன. நகையிலிருந்து சுமார் கால் கிராம் துண்டை எடுத்து நுண்தராசில் நிறுக்கிறார்கள். சுத்த வெள்ளி சேர்த்து ஈயத் தகட்டில் சுருட்டுகிறார்கள். எலும்புச் சாம்பல் அல்லது மக்னீசியாவால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து 1,050 டிகிரி செல்சியஸுக்கு மேல் உலையில் தள்ளுகிறார்கள். ஈயம் உருகி, காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகிறது. செம்பையும் துத்தநாகத்தையும் இழுத்துக்கொண்டு அது கிண்ணத்துக்குள் உறிஞ்சப்படுகிறது. தங்கமும் வெள்ளியும் ஆக்சைடாவதில்லை, கிண்ணத்திலேயே ஒரு சிறு மணியாக நின்றுவிடுகின்றன. ஈயத்தின் கடைசிச் சொட்டு போகும் அந்த நொடியில் மணி சட்டென்று ஒரு முறை மின்னும். அதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

அப்புறம் அந்த மணியைத் தட்டி, தகடாக்கி, சுருட்டி, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க விடுகிறார்கள். வெள்ளி கரைந்துபோகிறது, தங்கம் மட்டும் சுருளாக மிஞ்சுகிறது. முதலில் வெள்ளி சேர்த்தது எதற்கு என்பது இங்கேதான் புரியும். தங்கம் அதிகமாக இருந்தால் அமிலத்தால் உள்ளே நுழைய முடியாது. தங்கத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு வெள்ளி இருந்தால்தான் அதற்கு வழி கிடைக்கும். கடைசியில் மிஞ்சிய சுருளை நிறுக்கிறார்கள். 250 மில்லிகிராமில் 229 மில்லிகிராம் நின்றால் ஆயிரத்துக்கு 916. 24-இல் 22 பங்கு என்பதும் இதுவேதான். கூடவே சுத்தத் தங்கத் துண்டு ஒன்றையும் அதே உலையில், அதே அமிலத்தில் ஓட்டுவார்கள். கிண்ணத்துக்குள் தங்கமே கொஞ்சம் போயிருக்கும், அமிலத்தில் கரையாமல் சுருளிலேயே கொஞ்சம் வெள்ளி தங்கியிருக்கும். அந்தப் பிழையைச் சுத்தத் தங்கம் காட்டிக்கொடுக்கும். ஆணி இங்கேயும் வந்துவிட்டது.

இப்போது நகையில் இருக்கும் ஹால்மார்க் முத்திரைக்குப் பின்னால் இந்த இரண்டு வழிகளும் சேர்ந்து நிற்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் தங்க நகைக்கு ஹால்மார்க் திட்டத்தை 2000-இல் தொடங்கியது. 2021 ஜூனில் அது பல மாவட்டங்களில் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல், எச்யூஐடி எனும் ஆறு இலக்க எழுத்தெண் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக்கூடாது என்று ஆகிவிட்டது. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த மையத்தில், எந்த மாற்றுக்கு முத்திரை இடப்பட்டது என்று தெரியும். மையத்துக்கு வரும் நகைத் தொகுப்பை முதலில் எக்ஸ்ஆர்எஃப்பில் பார்த்து, ஒரே மாதிரி இருக்கிறதா என்று பிரித்து, அதிலிருந்து மாதிரி எடுத்து நெருப்புச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். தோலைப் பார்க்கும் வழி வேகமானது, நகையைச் சேதப்படுத்தாதது. உள்ளே பார்க்கும் வழிக்கு ஒரு துண்டைப் பலி கொடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டியது நல்ல யோசனை. முத்திரையைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் அந்த ஆறு இலக்கத்தைக் கடையிலேயே நின்று செயலியில் போட்டுப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா கடைசிவரை சங்கிலியை உருக்கக் கொடுக்கவில்லை. அது வேறு கதை.

நெருப்புக்கும் கண் தெரியாத இடம் உண்டு. இரிடியம், ருத்தீனியம் என்று பிளாட்டினக் குடும்பத்து உலோகங்கள் இருக்கின்றன. அவற்றைப் பொடியாகத் தங்கத்தில் கலந்துவிட்டால், ஈயத்தோடு அவை கிண்ணத்துக்குள் போவதில்லை. நைட்ரிக் அமிலத்திலும் கரைவதில்லை. கடைசிச் சுருளிலேயே தங்கி, தங்கத்தோடு தங்கமாக எடை காட்டும். இங்கே உதவுவது அந்தச் சின்னப் பெட்டிதான். இரிடியத்தின் எக்ஸ்ரே ஆற்றலும் தங்கத்தின் ஆற்றலும் அருகருகே இருந்தாலும், நல்ல கருவி இரண்டையும் பிரித்துவிடும். டங்ஸ்டன் விஷயம் வேறு மாதிரி. அதன் அடர்த்தி 19.25, தங்கத்துக்கு 19.3. தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டனை ஒளித்து வைத்தால் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கும் அடர்த்திச் சோதனை ஏமாந்துபோகும், தோலைப் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப்பும் ஏமாந்துபோகும். மீயொலியை அனுப்பினால் மாட்டிக்கொள்ளும். டங்ஸ்டனில் ஒலி தங்கத்தில் போவதைவிட வெகு வேகமாகப் போகும். ஒரு சோதனையின் குருட்டு இடத்தை இன்னொன்றுதான் காட்டித் தர முடியும்.

இனி என் பழைய இடத்துக்கு வருகிறேன். வார்ப்பட ஆலையில் தங்கத்தைப்போல நிதானமாகச் சோதிக்க நேரம் இல்லை. ஃபர்னஸில் உருகிய இரும்பு 1,450 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், அச்சுகள் வரிசையாகக் காத்திருக்கும். ஸ்கிராப்பில் என்ன வந்து விழுந்தது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. கரியும் (கார்பன்) சிலிக்கானும் மாங்கனீசும் கந்தகமும் எவ்வளவு என்று ஆய்வகம் சொன்னால்தான் ஊற்ற முடியும். அதற்கு எக்ஸ்ஆர்எஃப் உதவாது. கரி மிக லேசான தனிமம். அதிலிருந்து வரும் எக்ஸ்ரே காற்றைத் தாண்டிக் கருவிவரை வருவதற்குள்ளேயே செத்துவிடும். இரும்புக்குக் கரிதான் உயிர். அதைப் பார்க்கத் தெரியாத கருவியை வைத்துக்கொண்டு வார்ப்பிரும்புக்குச் சான்று கொடுக்க முடியாது.

அங்கே இருப்பது ஸ்பெக்ட்ரோ, அதாவது ஒளியைப் பிரித்துப் பார்க்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர். உலோகத் துண்டின் தேய்த்த பரப்புக்கு எதிரே டங்ஸ்டன் முனை, நடுவில் ஆர்கான் வாயு. மின்பொறி பாயும்போது பரப்பிலிருந்து அணுக்கள் ஆவியாகி ஒளி விடுகின்றன. அந்த ஒளியைப் பிரித்தால் ஒவ்வொரு தனிமத்துக்கும் அதனதன் நிறக்கோடு விழும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் பன்சன், கிர்காஃப் என்ற இரு அறிவியலாளர்கள் சுடரின் ஒளியைப் பிரித்து 1860-இல் சீசியம் என்ற புதிய தனிமத்தையே கண்டுபிடித்தது இந்த வழியில்தான். இப்போது அரை நிமிடத்தில் இருபது தனிமங்களின் அளவு தாளில் வந்துவிடுகிறது.

ஆனால் அந்தத் தாள் உண்மை சொல்வது ஸ்பெக்ட்ரோவின் கையில் இல்லை, மாதிரியை ஊற்றும் தொழிலாளியின் கையில் இருக்கிறது. கரண்டியில் மொண்டு வந்த இரும்பைச் செம்பு அச்சில் ஊற்றி, சில நொடிகளில் உறையும்படி மெல்லிய வில்லையாக எடுக்க வேண்டும். நாங்கள் காயின் என்போம். அப்படிச் சட்டென்று குளிர்ந்தால் கரி தனியே பிரிய நேரமில்லாமல் இரும்போடு கட்டுண்டு நிற்கும். உடைத்துப் பார்த்தால் வெள்ளையாக இருக்கும். மெதுவாகக் குளிர்ந்தால் கரி கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து, உடைந்த பக்கம் சாம்பல் நிறமாகும். அதன் மேல் பொறி விழுந்தால் செதில்கள் பெயர்ந்து பறக்கும். கரியின் அளவு குறைவாகவும் தாறுமாறாகவும் வரும். 3.4 சதவீதம் இருக்கும் இரும்பை 3.1 என்று படித்துவிட்டு, ஃபர்னஸில் கரியை அள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அச்சு ஈரமாக இருந்தது, கரண்டியில் கசடு சேர்ந்து வந்தது, தேய்க்கும் கல் முந்தைய துண்டின் உலோகத்தை ஒட்டிவிட்டது என்று எண் கெடுவதற்கு ஆயிரம் வழிகள். நான் பார்த்த தவறான ரிப்போர்ட்டுகளில் கருவியின் குறையால் வந்தவை மிகச் சில. மீதியெல்லாம் மாதிரி எடுத்ததில் நடந்தவை. கருவிக்குப் பல லட்சம் செலவழிக்கும் முதலாளிகள், காயின் ஊற்றும் ஆளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

எஸ்ஜி அயர்ன், அதாவது கிராஃபைட் உருண்டையாக இருக்கும் வார்ப்பிரும்பு என்றால் இன்னும் நெருக்கடி. அதில் மக்னீசியம் 0.03-லிருந்து 0.05 சதவீதம் நின்றால்தான் கிராஃபைட் உருண்டையாக வரும், வார்ப்பு வளைந்து கொடுக்கும். மக்னீசியம் இரும்பு உருகும் சூட்டுக்கு வெகு கீழேயே கொதித்துவிடும். போடும்போதே சீறி வெளியேறும், நிமிடங்கள் போகப்போகக் குறைந்துகொண்டே வரும். எனவே காயின் எடுத்த நேரமும் முக்கியம். கடைசி அச்சுக்கு ஊற்றும்போது எவ்வளவு இருந்தது என்பதைத் தொடக்கத்தில் எடுத்த காயின் சொல்லாது. கந்தகத்தோடு சேர்ந்துவிட்ட மக்னீசியம் உருண்டையாக்கும் வேலைக்கு உதவாது. ஸ்பெக்ட்ரோவோ இரண்டையும் கூட்டித்தான் காட்டும். அதனால்தான் தாளில் எண் சரியாக இருந்தாலும், வார்ப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் உருண்டைகளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம்.

வீட்டுக்கு நெருக்கமான உதாரணம் எவர்சில்வர். 304 என்ற வகையில் குரோமியம் 18 சதவீதத்துக்கு மேலும் நிக்கல் 8-க்கு மேலும் இருக்கும். 202-இல் விலை கூடிய நிக்கலைப் பாதியளவு குறைத்து, அந்த இடத்தில் 7.5 முதல் 10 சதவீதம் மாங்கனீசு போடுகிறார்கள். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே பளபளப்பு. காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல எவர்சில்வர் என்று பாத்திரக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. அடித்து வளைத்த இடத்தில் நல்ல 304-இல்கூடக் கொஞ்சம் ஒட்டும். மாங்கனீசு கூடுதலாக இருந்தால் சிவக்கும் ரசாயனத் துளி ஒன்று சந்தையில் கிடைக்கிறது. பால்கனிக் கம்பி போடுகிறவர்கள் அதைப் பயன்படுத்துவதைப் பார்க்கலாம். ஓரளவுக்குப் பரவாயில்லை. கையடக்க எக்ஸ்ஆர்எஃப் இருந்தால் சில நொடியில் நிக்கலையும் மாங்கனீசையும் எண்ணாகவே சொல்லிவிடும். ஆனால் 304-க்கும் 304எல்-க்கும் வித்தியாசம் கரியில்தான், 0.08-க்குள் என்பது 0.03-க்குள் என்று ஆகிறது. வெல்டிங் செய்த இடம் துருப்பிடிக்காமல் இருக்க அந்த வித்தியாசம் தேவை. அதை எக்ஸ்ஆர்எஃப் சொல்லாது, ஸ்பெக்ட்ரோவின் மின்பொறி வைத்துத்தான் பார்க்க வேண்டும். 304எல் என்று ஒரு கையடக்க எக்ஸ்ஆர்எஃப் ரிப்போர்ட் யாராவது நீட்டினால், கரியை எதில் பார்த்தீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

கலவை மாறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் நடந்த ஒரு சம்பவத்தை ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன். அங்கே பிபி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச்சில் 15 பேரைக் கொன்ற வெடிவிபத்து உலகறிந்தது. அதே ஆலையில் அதே வருடம் ஜூலை 28 அன்று இன்னொரு பெரும் தீ எழுந்தது. பராமரிப்புக்காகப் பிரித்த வெப்பப் பரிமாற்றிக் குழாயில் மூன்று வளைவுகள் இருந்தன. இரண்டு, குரோமியம் சேர்ந்த எஃகு. ஒன்று, சாதாரணக் கரி எஃகு. அளவும் வடிவமும் ஒன்றே. திரும்ப மாட்டும்போது கரி எஃகு வளைவு, குரோமியம் இருக்க வேண்டிய சூடான பக்கத்துக்குப் போய்விட்டது. அதிக அழுத்தமும் சூடும் சேர்ந்தால் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழையும், கரியோடு சேர்ந்து மீத்தேன் ஆகும், உள்ளுக்குள் விரிசல் விடும். மாட்டிச் சில மாதங்களிலேயே வளைவு பிளந்து ஹைட்ரஜன் தீப்பற்றியது. ஒருவருக்குச் சிறு காயம், மூன்று கோடி டாலர் சேதம். ஒன்றேகால் சதவீதக் குரோமியம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கையடக்கக் கருவி சில நொடியில் சொல்லியிருக்கும். திரும்ப மாட்டும்போது சோதிக்க வேண்டும் என்ற விதி அங்கே இல்லை என்று விசாரித்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் எழுதியது. புதிதாக வாங்கும்போது எல்லோரும் சோதிக்கிறார்கள். பிரித்த பொருளைத் திரும்ப மாட்டும்போதும் அது அதேதானா என்று கேட்க வேண்டும்.

காகிதத்தை நம்புவதும் அப்படித்தான். ஒவ்வொரு எஃகுத் தகட்டோடும், எந்த உருக்கில் வந்தது என்று சொல்லும் ஹீட் நம்பர் போட்ட ஆலைச் சான்றிதழ் வரும். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் நாசாவின் இரண்டு செயற்கைக்கோள்கள், 2009-இலும் 2011-இலும், ராக்கெட்டின் முகப்புக் கூடு பிரியாமல் தொலைந்துபோயின. அந்தக் கூட்டின் இணைப்பில் இருந்த அலுமினியப் பாகங்களின் வலிமைச் சோதனை எண்களைத் தயாரிப்பு நிறுவனத்தில் திருத்தி எழுதியிருந்தார்கள் என்று நாசா 2019-இல் அறிவித்தது. 70 கோடி டாலருக்கு மேல் இழப்பு. அங்கே பொய்யானது இழுவிசைச் சோதனை, கலவைச் சோதனை அல்ல. ஆனாலும் வந்த பொருளிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தானே பார்க்காத எவருக்கும் அதே நிலைதான்.

வெட்டிப் பார்க்கவே முடியாத பொருளும் இருக்கிறது. நம் செப்புத் திருமேனிகளை ஐம்பொன் என்கிறோம். தங்கமும் வெள்ளியும் கலந்தவை என்பது பரவலான நம்பிக்கை. ஆய்வாளர் சாரதா சீனிவாசன், சென்னை அரசு அருங்காட்சியகத்திலும் லண்டன் அருங்காட்சியகங்களிலும் உள்ள தென்னிந்தியத் திருமேனிகளிலிருந்து மிகச் சிறிய துகள்களை எடுத்துச் சோதித்தார். சோழர் காலத்து உருவங்கள் பெரும்பாலும் செம்பு, வெள்ளீயம், ஈயம் சேர்ந்த வெண்கலம் என்றும், தங்கமும் வெள்ளியும் சொல்லிக்கொள்ளும் அளவில் இல்லை என்றும் தெரிந்தது. இதைக் கேட்டுச் சிலர் வருந்துவார்கள். எனக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. ஈயம் சேர்ந்த வெண்கலம், அச்சுக்குள் மெழுகு உருகி ஓடி விட்டுப்போன மெல்லிய இடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். விரல் நுனிவரை வார்க்க ஸ்தபதி வேண்டியது அதுதான். துகள்களில் இருந்த சுவடுத் தனிமங்களையும் ஈயத்தின் ஐசோடோப்பு விகிதங்களையும் வைத்து, எந்தத் திருமேனி எந்தக் காலத்துப் பட்டறையைச் சேர்ந்தது என்று வகைப்படுத்தவும் அவர் முயன்றார். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் சென்னை அருங்காட்சியகத்தோடு சேர்ந்து, சேதம் செய்யாத முறைகளில் திருமேனிகளுக்குக் கைரேகை போன்ற அடையாளப் பதிவுகளை எடுத்தது. திருடுபோனது திரும்பி வரும்போது அதுதானா என்று உறுதிசெய்ய இப்படிப்பட்ட பதிவு வேண்டும்.

பூசையில் இருக்கும் மூர்த்தியில் துளை போட முடியாது. கையடக்க எக்ஸ்ஆர்எஃப்பை நீட்டலாம் என்றால், கருவி முதலில் பார்ப்பது நூற்றாண்டுகளாக எண்ணெய்க்காப்பும் பாலும் தயிரும் பட்ட தோலை. மண்ணில் புதைந்து கிடந்து எடுத்த திருமேனியானால் மேல்தோலில் செம்பு கரைந்துபோய் வெள்ளீயம் கூடித் தெரியும். அதோடு ஈயம் செம்பில் கரையாது. உறையும்போது தனித்தனித் துளியாக நிற்கும், கனம் என்பதால் கீழ்ப்பக்கம் சேரவும் செய்யும். முழங்காலில் ஓர் எண், தோளில் வேறோர் எண் வரும். பல இடங்களில் பார்க்க வேண்டும், பார்த்த இடங்களைப் படத்தில் குறித்து வைக்க வேண்டும். பீடத்தின் அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், களிம்பைச் சுரண்டி வெற்று உலோகம் தெரியும்படி மிளகளவு இடம் கிடைத்தால், அந்த ஓர் எண்ணைத்தான் நான் முதலில் நம்புவேன்.